பதினோரு ஜோடி கம்பளிச் செருப்பு

ஸ்டீவன்ஸ் பாயிண்ட், விஸ்கான்சின்
டிசம்பர், திருவருகைக்காலம் இரண்டாம் வாரம்

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு என்று பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், மற்றதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் கடவுள் புண்ணியத்தில் சுகம் என்று ஒரே வரியில் பதில் வரும் என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை, பல் வலி எப்படி இருக்கிறது, முழங்கால் எப்படி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கைப்பந்து ஆடி உடைத்துக்கொண்ட முழங்கால் அது, அதை வைத்துக்கொண்டு வெறும் தரையில் மண்டியிடாதே, அடியில் ஒரு துணியாவது மடித்துப் போட்டுக்கொள், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். உறையின் மேல் சிஸ்டர் அக்னேஸ் என்றுதான் எழுதப்போகிறேன், அப்படி எழுதினால்தான் உன்னிடம் வந்து சேரும். உள்ளே நீ ரெஜினாதான், அதற்கு உங்கள் மடத்து மதர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். திருவருகைக்காலத்தில் வருகிற கடிதங்களைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் உங்கள் கையில் கொடுப்பார்கள் என்பதை நான் மறக்கவில்லை. எனக்கு வேண்டிய உதவியோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டிய உதவி. இந்தக் கடிதம் அங்கே மேஜை இழுப்பறையில் கிடக்கும்போதே இங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பனி இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது, நன்றிநாள் வான்கோழி அடுப்பில் இருக்கும்போதே நான் வாசலில் மண்வாரியோடு நின்றேன். உன் தம்பி ஜெரோம் மான் வேட்டைக்குப் போய் நல்ல கொம்புள்ள ஆண் மான் ஒன்றைக் கொண்டுவந்தான், பாதியைத் தொத்திறைச்சியாக்கி எங்களுக்குக் கொடுத்தான், குளிர்பெட்டியில் வைக்க இடமில்லாமல் கராஜில் தொங்கவிட்டிருக்கிறேன், ஏன் இடமில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். நம் கடையை வாங்கிய மெத்தை வியாபாரி முன் பக்கம் முழுக்கத் தன் பெயரை மாட்டிவிட்டான், பின் சுவரில் மட்டும் இன்னும் ஸ்ட்ரோயிக் பர்னிச்சர் என்று மங்கலாகத் தெரிகிறது, நான் தினமும் அந்த வழியாகத்தான் தபாலாபீசுக்குப் போகிறேன், வேண்டுமென்றேதான். வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு நான் மட்டும் போகிறேன். பெர்னீஸ் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள், சளி என்கிறேன். கோடையிலிருந்து உன் அம்மாவுக்குச் சளி. யாரும் நம்பவில்லை, ஆனால் நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அதற்கு மேல் கேட்காமல் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனி அம்மாவைப் பற்றி. போன வருஷம் இலை உதிர் காலத்தில் நாங்கள் உன்னைப் பார்க்க மொன்டானா வந்தோமே, அன்றைக்கு நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க அம்மா உனக்காக ஒரு சால்வை பின்னினாள், உங்கள் அங்கியின் அதே பழுப்பு நிறத்தில் நூல் கிடைக்காமல் மூன்று ஊர் சுற்றி வாங்கினாள், விரல் மூட்டு வீங்கி ஸ்பூன் பிடிக்க முடியாத நாட்களிலும் ஊசியை மட்டும் விடவில்லை. தபாலில் அனுப்பினோம், நீயும் நன்றி எழுதினாய். பிறகு நேரில் வந்து அந்தப் பார்வையாளர் அறையில், எங்களையும் உங்களையும் பிரிக்கிற கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். நீ வருவதற்கு முன்னால் எங்களுக்கு வணக்கம் சொல்ல சிஸ்டர் வெரோனிகா வந்தார், தொண்ணூறு வயது இருக்கும், கை நடுங்க வந்து நின்றார், அவர் தோளில் அந்தச் சால்வை. எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது பாருங்கள் என்று கம்பி வழியாகவே அதன் நுனியை நீட்டி எங்களுக்குத் தொட்டுக் காட்டினார், அதைப் பின்னியவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்தப் பெரியவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள், ஆமாம் நல்ல கம்பளி என்றாள். நீ வந்த பிறகு நான்தான் வாய் தாங்காமல் கேட்டேன், அது உன் சால்வை அல்லவா என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "அது எங்களோட சால்வைப்பா, இப்ப அவங்களுக்குத்தான் ரொம்பக் குளிருது" என்று. என்னுடையது என்ற சொல்லே உங்கள் வீட்டில் கிடையாது, எங்கள் அறை, எங்கள் புத்தகம், எங்கள் செருப்பு என்றுதான் பேச்சு என்பதை நீ அங்கே போன முதல் வருஷமே எழுதியிருந்தாய். படிக்கும்போது அழகாகத்தான் இருந்தது. அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது அவ்வளவு அழகாக இல்லை.

திரும்பி வரும் வழியில் வடக்கு டகோட்டாவில் பாதி கடந்துவிட்டோம். ஒரு சாலையோரக் கடையில் காப்பியும் ஆப்பிள் பை பலகாரமும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், பலகாரத்தை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "லென், உள்ள மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?" என்றாள். உன்னையும் மதரையும் சேர்த்துப் பதினோரு பேர் என்று நான் சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. பலகாரத்தை முழுக்கச் சாப்பிட்டாள். நானும் அப்பாடா என்று இருந்தேன். பிறகுதான் புரிந்தது அவள் போட்ட கணக்கு. ஒன்று அனுப்பினால் அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குப் போய்விடுகிறது, பதினொன்று அனுப்பினால் எப்படியும் ஒன்று மகளுக்குப் போய்த்தானே ஆக வேண்டும். இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை ரெஜினா, நானும் வியாபாரிதான்.

முதலில் வந்தது பதினோரு ஜோடி கம்பளிச் செருப்பு, உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது, அளவு தெரியாததால் பாதியைப் பெரிதாகவும் பாதியைச் சிறிதாகவும் வாங்கினாள், உன் அளவில் மட்டும் நாலு ஜோடி இருக்கும்படி பார்த்துக்கொண்டாள், கெட்டிக்காரி. அனுப்பினோம். மதர் மிகவும் அன்பாகப் பதில் எழுதினார், நான்கு ஜோடியை மடத்தில் வைத்துக்கொண்டோம், மிச்சத்தை ஊரில் வீடில்லாத பெண்கள் தங்கும் விடுதிக்குக் கொடுத்தோம், அவர்கள் உங்களை வாழ்த்துகிறார்கள் என்று. அந்த நான்கில் ஒன்று உன்னுடையதா என்று அவர் எழுதவில்லை, எழுதவும் மாட்டார். பிறகு பதினோரு வெந்நீர்ப் பை, பதினோரு கைவிளக்கு, பதினோரு கண்ணாடிக் குடுவை சூப் குடிக்க. தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பொருள் விற்கிற சேனல் ஒன்று இருக்கிறதே, அதில் பேசுகிற பெண்ணை அம்மாவுக்கு இப்போது பெயர் சொல்லித் தெரியும், தொலைபேசியில் பதினொன்று என்றதும் அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன கடையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம், ஆமாம் என்கிறாளாம். பார்சல் வண்டிக்காரர் நம் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பதையே நிறுத்திவிட்டார், கதவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டுப் போகிறார்.

வசந்த காலத்தில் மதரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தயவுசெய்து இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம், சகோதரிகளுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது, உங்கள் ஜெபமே எங்களுக்குப் பெரிய பரிசு என்று எழுதியிருந்தார். ஒரு சொல் கடுமையில்லை, நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், ஆனால் உன் அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "என் பொண்ணுக்கு எல்லாம் இருக்குன்னு சொல்ல இவங்க யாரு?" என்றாள். அந்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய கோயில், கல்யாணம் செய்த கோயில், பாடகர் குழுவில் முதல் வரிசை, இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஆண்டவருக்கு என் பொண்ணு கிடைச்சாச்சு, என் ஜெபமும் வேணுமாமா?" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நீ அங்கே இருக்கிறாய்.

அனுப்ப வேண்டாம் என்றார்களே தவிர வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. உனக்கு ஒருநாள் குறையும், அந்த வீட்டில் ஒருநாள் ஏதாவது தீர்ந்துபோகும், அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்கிறாள். உன் அறைக்குள் இப்போது பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கட்டில் தெரியவில்லை, ஜன்னல் பாதிதான் தெரிகிறது, நீ கைப்பந்தில் வாங்கிய கோப்பைகள் எங்கே என்றே தெரியவில்லை. பிறகு நடைபாதை, பிறகு தையல் அறை, குளிர்பெட்டியில் பதினோரு பொட்டலமாக எலுமிச்சை பார் இனிப்பு, அதனால்தான் ஜெரோமின் தொத்திறைச்சி கராஜில் தொங்குகிறது. காலையில் எழுந்து பெட்டிகளைத் தட்டி அடுக்குகிறாள், அடுக்கும்போது எண்ணுகிறாள், உதடு அசைகிறது. நான் கதவருகே நின்று பார்த்தேன். ஜெபமாலை உருட்டும்போது எப்படி அசையுமோ அப்படியேதான் அசைகிறது.

நம் பங்குச் சாமியார் பாதர் காசிமிர் ஒருநாள் வந்தார், அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார், தலைவலி என்று அவள் அறையை விட்டு வரவில்லை. என்னிடம் சொன்னார், பொருளின் மேல் பற்று வைப்பது ஒரு நோய் மாதிரி, மகள் எல்லாவற்றையும் துறந்து ஒளிக்குப் போனாள், தாய் குப்பையில் மூழ்குகிறாள், என்ன ஒரு வித்தியாசம் பாருங்கள் என்று. நான் பாதிவிலைக்குக் கொடுத்த சாய்வு நாற்காலியில் தினமும் மதியம் தூங்குகிற மனுஷன் அவர், அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது, காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். முப்பத்தாறு வருஷம் சோபாவும் மேஜையும் விற்றவன் நான். கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் எதை வாங்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாம் ஊரை விட்டுப் போன பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜை கேட்டு வந்த அம்மாக்கள் உண்டு. பேச்சு நின்றுபோன வீட்டில்தான் இரண்டு பேர் சேர்ந்து சாயும் நாற்காலி கேட்பார்கள், நீ வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பார். அவர்கள் யாருமே பொருளுக்கு ஆசைப்பட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொருள்தான் கடையில் கிடைத்தது, அதனால் அதை வாங்கினார்கள்.

உன்னையும் நான் மறக்கவில்லை. மில்வாக்கியில் ஏரியைப் பார்த்த உன் வீட்டுக்கு நானே லாரியில் கொண்டுவந்து எல்லாம் போட்டேனே, செர்ரி மர அலமாரி, அசல் தோல் சோபா, அந்த சோபாவை நீ போகும்போது கட்டடக் காவல்காரருக்குக் கொடுத்தாய், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தாய், என்ன குறை என்று கேட்டேன். அன்றைக்கு நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். "ஒரு குறையும் இல்லப்பா. சாயங்காலம் வந்து கதவைத் திறக்கிறேன், எல்லாமே இருக்கு. நான் எதுக்கு வந்தேன்னு மட்டும் தெரியல." எனக்கு அது அப்போதும் புரியவில்லை, இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது, ஏனென்றால் நானும் சாயங்காலம் வந்து நம் வீட்டுக் கதவைத் திறக்கிறேன், எல்லாமே பதினொன்று பதினொன்றாக இருக்கிறது, உன் அம்மாவைத்தான் காணோம். எதுக்கு வந்தோம் என்று உனக்கு அங்கே தெரிந்துவிட்டதா மகளே? தெரிந்திருந்தால் எழுத வேண்டாம், அடுத்த முறை பார்க்கும்போது தலையை மட்டும் ஆட்டு, எனக்குப் போதும். நான் அதைக் கேட்டு உன்னை மடக்கப் பார்க்கவில்லை. நீ ஒன்றுமே இல்லாத ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய், உன் அம்மா நிரம்பி வழிகிற ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், இரண்டு கதவுக்கும் வெளியே நான் நிற்கிறேன், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல்.

போன சனிக்கிழமை நடந்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. ஜெரோம் தன் பிக்கப் வண்டியோடு வந்தான், கோயிலில் ஏழைகளுக்கான விற்பனை நடக்கிறது, எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிடலாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விகீலியா விருந்துக்கு வீடு வீடு மாதிரி இருக்கட்டும் என்றான். நான்தான் அவனை வரச் சொன்னேன் என்று அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. மூன்று பெட்டியை எடுத்து வண்டியில் ஏற்றும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நாலாவது பெட்டியில் அவன் கை வைத்ததும் அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரும்மா என்றான். அக்காவுக்கு எதுவுமே வேண்டாம்மா, அவளே சொல்லிட்டாள், எல்லாருக்கும் புரியுது உனக்கு மட்டும் ஏன் புரியலை என்றான், அவனும் பொறுமைக்காரன்தான், அன்றைக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள், "இதையும் கொண்டுபோயிட்டா நான் யாருக்குடா அம்மா?" என்று. அவன் அப்படியே நின்றான். பிறகு குனிந்து அவள் கண்ணைப் பார்த்து, "நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தாடியெல்லாம் நரைக்கத் தொடங்கியிருக்கிறது, ஐந்து வயதில் நம் வீட்டுப் படிக்கட்டில் விழுந்தபோது எப்படி நின்றானோ அப்படி நின்றான். அவளுக்குக் கேட்டதா இல்லையா தெரியவில்லை, பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் வெளியே போய், ஏற்றிய மூன்று பெட்டியையும் தானே இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் மனைவி பிறகு தொலைபேசியில், இந்த வருஷம் விகீலியாவுக்கு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அவன் தொலைபேசிக்கு வரவில்லை.

ஆக இந்த விகீலியாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும், மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல் போட வேண்டும், பீட்ரூட் சூப்பும் ஹெர்ரிங் மீனும் நான் வைப்பேன், சுமாராக இருக்கும். வழக்கம்போல் எதிர்பாராத விருந்தாளிக்கு ஒரு தட்டும் ஒரு காலி நாற்காலியும் போட வேண்டுமே. நீ போனதிலிருந்து அந்தத் தட்டுக்கு உன் தட்டைத்தான் அம்மா வைக்கிறாள், நானும் பார்த்தும் பாராதது போல் இருப்பேன். இந்த வருஷம் காலி நாற்காலி என்று ஒன்று வீட்டில் இல்லை. இருப்பது எல்லாவற்றின் மேலும் பெட்டி. பர்னிச்சர் கடைக்காரன் வீட்டில் யாராவது வந்தால் உட்கார ஒரு நாற்காலி இல்லை, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நான் சிரித்துப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. ஒரே ஒரு நாற்காலியைக் காலி செய்யட்டுமா பெர்னீஸ் என்று கேட்டேன், யார் வரப்போகிறார்கள் என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதேயில்லை. யாராவது வருவார்கள் என்று சொல்லித்தானே அந்த நாற்காலியையே போடுகிறோம். கோயிலுக்கு வராததைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதியது உன்னிடம் ஒன்று கேட்கத்தான். திரும்பி வா என்று கேட்கவில்லை, அந்த ஆசை எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய், தீரவில்லை, ஆனால் கேட்கவில்லை. நீ அம்மாவிடம் ஏதாவது ஒன்று கேள். அவ்வளவுதான். எனக்கு இது வேண்டும், அனுப்பு என்று ஒரு வரி எழுது. நீ போனதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எங்களுக்காக ஜெபிக்கிறேன் என்கிறாய், நன்றி என்கிறாய், ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை. அது நீ எடுத்துக்கொண்ட துறவு விரதம் என்று எனக்குத் தெரிகிறது, எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடத்தானே அங்கே போனாய். ஆனால் பிள்ளைக்கு ஒன்றுமே வேண்டாம் என்றால் பெற்றவள் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள். பெரிதாக எதுவும் வேண்டாம், அங்கி கிழிந்தால் தைக்கப் பழுப்பு நூல் ஒரு கண்டு, ஒரு ஊசி. நிஜமாகவே உனக்கு எதுவும் தேவைப்படவில்லை என்றால் தேவைப்படுகிற மாதிரியாவது எழுது, அது பொய்யாக இருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் என் பெயரைச் சொல்லிவிடு, நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கண்டு நூல் கேட்டால் அவள் ஒரு கண்டுதான் அனுப்புவாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதை வாங்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவாள் ரெஜினா. வாசல்படி இறங்கி வருவாள்.

இதுவரை எழுதிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா சமையலறை மேஜையில் என் எதிர்ப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள், இந்தக் காகிதங்களைப் படிக்கவில்லை, நான் மேலே செய்தித்தாளைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். அவளுக்கா எழுதுகிறாய் என்றாள். ஆமாம் என்றேன். அப்பம் வைத்தாயிற்றா என்றாள். உனக்கு வருஷா வருஷம் தபாலில் அனுப்புவோமே ஓப்வாடெக் அப்பம், கோயிலில் மந்திரித்துக் கொடுத்ததை நான் வாங்கி வந்து அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன், கோயில் பொருளைப் பார்த்தால் கோபப்படுவாளோ என்று. எடுத்துக் கொடுத்தேன். உறையில் இருந்து உருவிக் கையில் வைத்துப் பார்த்தாள், காகிதக் கனம்தானே, விளக்கு வெளிச்சத்தில் அவள் விரல் அந்தப் பக்கம் தெரிந்தது, அதில் அச்சடித்த குழந்தை யேசுவும் மாட்டுத்தொழுவமும் தெரிந்தது. போன வருஷம் ஒரு முழு அப்பம் அனுப்பினோம், நாங்கள் பதினோரு பேரும் உடைத்துப் பகிர்ந்துகொண்டோம் என்று நீ எழுதியிருந்தாய். அவள் உட்கார இடம் பார்த்தாள், இல்லை, ஒரு நாற்காலியில் இருந்த பெட்டியைத் தானே தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த வீங்கிய விரல்களால் அப்பத்தை மெதுவாக உடைத்தாள், ஒடித்து ஒடித்து மேஜை மேல் வரிசையாக வைத்தாள், உதடு அசைந்தது, எண்ணத்தான் எண்ணினாள், பதினோரு துண்டு. பிறகு கடைசித் துண்டை எடுத்து ஓரத்தில் கொஞ்சம் கடித்தாள். விகீலியா மேஜையில் ஒருவர் அப்பத்தில் இருந்து இன்னொருவர் கடித்துக்கொண்டு வாழ்த்துவோமே அப்படி. வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. கடித்த துண்டை மற்றவற்றோடு சேர்த்து வெள்ளைத் தாளில் மடித்து என்னிடம் தள்ளிவிட்டு, உடையாமல் போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன். எழுந்து போய்விட்டாள். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், விகீலியா வரைக்கும் அப்படியே இருக்குமா என்று தெரியாது, தொடவும் பயமாக இருக்கிறது.

வேறு என்ன எழுதுவது. பல்லை டாக்டரிடம் காட்டு. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஜெரோமுக்காக வேண்டிக்கொள், எங்களைவிட இப்போது அவனுக்குத்தான் அது வேண்டும். ஆண்டவர் உன்னை விட்டு விலகாதிருக்கட்டும், அவரைத் தேடித்தானே அவ்வளவு தூரம் போனாய். உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ் ஏறும் முன் போடுவேனே அது போல. நூல் விஷயம் மறந்துவிடாதே.

உன்னை எண்ணியபடியே இருக்கும் அப்பா,
லெனார்ட் ஸ்ட்ரோயிக்

பி.கு.: கடிதத்தை முதலில் திறந்து பார்க்கும் மதர் ஜோசப்பா அவர்களுக்கு வணக்கம். இந்த உறைக்குள் பதினோரு துண்டு அப்பம் இருக்கிறது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும், இதுவரை நாங்கள் அனுப்பிய எதைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்துத் துண்டு உங்கள் எல்லோருக்கும். ஓரம் கடித்திருக்கும் துண்டு அவளுடைய அம்மாவின் எச்சில், அதை மட்டும் என் மகளிடமே கொடுங்கள்.